நிலையத் தலைமையிலும் பெண்கள் வேண்டும்: ஒரு கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர் அவர்கள், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புதுதில்லி, தலைமைச் செயல் அதிகாரி அவர்கள், பிரசார் பாரதி, புதுதில்லி.

பொருள்: வானொலி நிலையங்களின் தலைமைப் பொறுப்புகளில் பெண்களுக்கு உரிய இடம் கோருதல்.



தமிழகத்தில் வானொலிப் பணியில் இருக்கும் பெண்களின் சங்கம் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு இது.

1942 ஆகஸ்டில் விடுதலைப் போராட்டத் தலைவர்கள் பலர் சிறைக்குப் போன பிறகு, பம்பாயில் காங்கிரஸ் வானொலி என்ற தலைமறைவு நிலையத்தைத் தோழர்களுடன் சேர்ந்து நடத்தியவர் உஷா மேத்தா. அப்போது அவருக்கு வயது 22. போலீஸ் கண்ணில் படாமலிருக்க இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். நவம்பரில் பிடிபட்டுச் சிறை சென்றார். வானொலி நிலையம் நடத்தப் பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

1947 ஆகஸ்ட் 13 அன்று அகில இந்திய வானொலியில் சயீதா பானு உருதுச் செய்தி வாசித்தார். டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தி என்றாலே நம் வீடுகளில் சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல்தான் நினைவுக்கு வரும். பெண் குரலுக்கு வானொலி ஒருபோதும் குறை வைத்ததில்லை. ஆனால் எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு நேரம், யாருக்கு எந்தப் பணி, நிதி எங்கே போக வேண்டும் என்று முடிவெடுக்கும் அறைக்குள் அந்தக் குரல்களில் எத்தனை நுழைந்தன? இச்சங்கத்தின் கேள்வி இதுதான்.

அந்த அறைக்குள் பெண்கள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று, தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் உள்ள மாச்சனூர் என்ற சிற்றூர். அங்கே 2008 அக்டோபர் 15 அன்று 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற அமைப்பின் மகளிர் சங்கங்களைச் சேர்ந்த, பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்தும் சமுதாய வானொலி நிலையம் அது. ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா இருவரும் ஒலிப்பதிவு, தொகுப்பு, அறிவிப்பு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு நிலையத்தை நிர்வகித்தார்கள். காட்டு வேலை முடித்துப் பெண்கள் வீடு திரும்பிய பிறகே, மாலை ஏழு மணிக்கு ஒலிபரப்பு. சிறுதானிய விதை, விவசாயம், பெண்களின் உடல்நலம், ஊர்ப் பாட்டு எல்லாம் அவர்கள் பேசும் தெலுங்கிலேயே வந்தன. கேட்பவர் எப்போது ஓய்வாக இருப்பார் என்பது தெரிந்தவர் தலைமையில் இருந்ததால்தான் இப்படி ஒரு நேர அட்டவணை அமைந்தது.

முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் வேண்டும் என்பதை அரசும் ஓரளவு ஏற்றுக்கொண்டது. 2024 பிப்ரவரி 13 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வெளியான திருத்திய சமுதாய வானொலி விதிகள், ஆலோசனை மற்றும் நிகழ்ச்சிக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. இச்சங்கம் இதை மனமார வரவேற்கிறது. ஆனால் குழுவில் உட்கார்ந்து யோசனை சொல்வது வேறு, நிலையத்தின் பொறுப்பை ஏற்பது வேறு.

அந்தப் பொறுப்புக்கு வரும் வழியோ பலருக்கு அடைபட்டிருக்கிறது. அதிகாலை ஒலிபரப்புக்காக ஆறு மணிக்கு முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். இரவு ஒலிபரப்பு முடியும்போது ஊருக்குப் பேருந்து இருக்காது. இந்த இரு வேளைகளையும் ஆண்டுக்கணக்கில் தாங்குபவர்களில் பலர், பணி நாளுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் தற்காலிகப் பெண் அறிவிப்பாளர்கள். மாதத்தில் சில நாள் வேலை. பதவி உயர்வுப் பட்டியலில் பெயரே கிடையாது. நிகழ்ச்சி நிர்வாகியாகக்கூட ஆக முடியாதவர் எப்படி நிலைய இயக்குநர் ஆவார்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, உள்ளகப் புகார் குழுவுக்கு மூத்த நிலைப் பெண் அலுவலரே தலைவராக வேண்டும் என்கிறது. அப்படி ஒருவர் இல்லாத அலுவலகம் வெளியிலிருந்து அழைத்து வர நேரிடுகிறது. தலைமையில் பெண் இல்லாத குறை இங்கே பாதுகாப்பையும் தொடுகிறது.

ஆகவே, ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு பதவி நிலையிலும் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நீண்டகாலத் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு அனுபவத்தைக் கணக்கில் கொண்டு, வயது வரம்புத் தளர்வுடன் நிகழ்ச்சி நிர்வாகி தேர்வில் வாய்ப்பளிக்க வேண்டும். பொறியியல் பிரிவிலும் பெண்களுக்கு நிர்வாகப் பயிற்சி தேவை. அந்தப் பக்கம்தான் இதுவரை கவனமே போகவில்லை. அதிகாலை, இரவுப் பணிகளுக்கு நிலைய வாகனம் கட்டாயமாக்கப்பட வேண்டும். தனியார் பண்பலை நிறுவனங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அவற்றின் தலைமைப் பொறுப்புகளில் உள்ள பெண்களின் எண்ணிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும்.

இவற்றுள் முதல் கோரிக்கைக்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதை உடனே பிறப்பித்து, மற்றவை குறித்து இச்சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.