விடை தெரியாத கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபியை முடித்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்த சமயத்தில், அடுத்த வீட்டு நண்பர் தம் புதல்வனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கிறான். பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சையில் 100-க்கு 98-க்குக் குறைந்து அவன் வாங்கியதில்லை என்பது எங்கள் தெரு முழுவதும் அறிந்த சங்கதி.

"நீங்களே இவனைக் கேளுங்கள், ஸார்! ஒலிம்பியாட் என்கிற கணிதப் போட்டியின் முதற்கட்டப் பரீட்சையில் 30 கணக்குக் கொடுத்தார்கள். இவன் போட்டது நாலு. அதிலும் இரண்டு தப்பு. இத்தனை நாள் வாங்கிய மார்க்கெல்லாம் பொய்தானா?" என்றார் நண்பர்.

பையன் வாய் திறக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் கெட்டிக்காரன் என்று அதுவரையில் கொண்டிருந்த நம்பிக்கை ஒரே நாளில் தகர்ந்துபோன குழந்தையின் முகம் எப்படியிருக்கும் என்பதை நேயர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

பணம் கட்டினால் ஆயிரம் கணக்குகளை விடையோடு உருப்போட வைக்கும் வகுப்பு ஒன்று இருக்கிறதாம். அதில் சேர்த்துவிடலாமா என்பது நண்பரின் யோசனை. "ஒரு மணி நேரம் பையனை என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

பிறகு சதுரங்கப் பலகையை எடுத்து வைத்தேன். "தம்பி, இதில் 64 கட்டங்கள் இருக்கின்றன. ஒரு மூலைக் கட்டத்தையும், அதற்குக் குறுக்கே எதிர் மூலையில் உள்ள கட்டத்தையும் வெட்டி எடுத்துவிட்டதாக வைத்துக்கொள். மீதி 62. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மூடக்கூடிய அட்டைத் துண்டுகள் 31 தருகிறேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் வெளியே நீளாமலும் பலகை முழுவதையும் மூட முடியுமா?"

பையன் சற்று நேரம் விழித்தான். பிறகு, "மாமா, இதற்கு எந்தச் சூத்திரம்?" என்று கேட்டான்.

நோய் இன்னதென்று அப்போதே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் 'வட்டி' என்ற அத்தியாயத்தின் கீழ் வருவது வட்டிக் கணக்கு. 'முக்கோணம்' என்ற தலைப்பின் கீழ் வருவது முக்கோணக் கணக்கு. எந்த வழியில் போக வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. மாணவன் செய்ய வேண்டியதெல்லாம் தவறி விழாமல் நடப்பதுதான். அதுவும் அவசியமான பயிற்சியே, நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டிக் கணக்குக்குத் தலைப்புக் கிடையாது. வழியைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே கணக்கு. நம் பையன் மூளையில்லாமல் தோற்கவில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத வித்தையில் தோற்றான்.

"பலகை பெரிதாயிருந்து பயமுறுத்தினால், சிறிய பலகையாக்கிக்கொள்" என்றேன். வரிசைக்கு இரண்டாக நாலே கட்டங்கள் வரைந்து, எதிரெதிர் மூலைகளை அடித்தான். மிஞ்சிய இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று தொடவில்லை, மூட முடியாது. பிறகு வரிசைக்கு நாலாக 16 கட்டங்கள் வரைந்தான். எப்படி எப்படியோ வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு கட்டங்கள் தனித்தனியே அநாதையாக நின்றன. "மாமா, நிற்பவை இரண்டும் ஒரே நிறமாகவே இருக்கின்றன!" என்றான் திடீரென்று. அவன் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். ஆகவே, 31 துண்டுகள் 31 கறுப்பையும் 31 வெள்ளையையும் மூடியாக வேண்டும். எதிரெதிர் மூலைகளோ ஒரே நிறம். அவற்றை எடுத்துவிட்டால் ஒரு நிறம் 32, மற்றொன்று 30. எனவே, ஆயிரம் வருஷம் முயன்றாலும் மூட முடியாது. சூத்திரம் எதுவும் இல்லை. கூட்டலுக்கு மேற்பட்ட கணிதமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டேன். தோற்றவர் உடனே வெளியேற வேண்டிய ஒரு பந்தயத்தில் 100 பேர் ஆடுகிறார்கள். ஒருவர் ஜயிக்கும் வரையில் எத்தனை ஆட்டங்கள்? பையன் 50, 25 என்று எழுதிக்கொண்டே போய், ஒற்றைப்படை வந்ததும் திகைத்தான். "ஜயித்தவர்களை விட்டுவிட்டுத் தோற்றவர்களை எண்ணு" என்றேன். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார். 99 பேர் வெளியேற வேண்டும். ஆகவே 99 ஆட்டங்கள். பார்க்கும் பக்கத்தை மாற்றியதுதான் யுக்தி.

இத்தகைய யுக்திகளைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் போல்யா. 1887-ல் புடாபெஸ்டில் பிறந்து, பிற்காலத்தில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். கணக்கைத் தீர்ப்பது எப்படி என்பதைப் பற்றி 1945-ல் அவர் வெளியிட்ட சிறு புத்தகம் பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது. அவர் கூறும் படிகள் நாலு. முதலாவது, கேட்பது என்ன, கொடுத்திருப்பது என்ன என்று தெளிந்துகொள்வது. இரண்டாவது, வழி ஒன்றை வகுப்பது: இதைப் போன்ற கணக்கை முன்பு பார்த்ததுண்டா, இதைவிடச் சிறியதொன்றைப் போட்டுப் பார்க்கலாமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது. மூன்றாவது, அவ்வழியைப் பொறுமையுடன் செய்து முடிப்பது. நாலாவது, விடை கிடைத்த பின்பும் புத்தகத்தை மூடிவிடாமல் திரும்பிப் பார்ப்பது. இந்த நாலாவது படியைத்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடுகிறோம். "விடை வந்துவிட்டதா? அடுத்த கணக்கைப் போடு!" என்று அவசரப்படுத்துகிறோம்.

போல்யா பிறந்த ஹங்கேரி இவ்விஷயத்தில் மற்ற நாடுகளுக்கு முன்னோடி. அங்கே 1894-ல் ஏட்வெஷ் என்னும் விஞ்ஞானியின் பெயரால் மாணவருக்குக் கணிதப் போட்டி ஏற்பட்டது. அதே ஆண்டில், மாதந்தோறும் கணக்குகளை வெளியிட்டு, மாணவர் அனுப்பும் நல்ல விடைகளைப் பெயருடன் அச்சிடும் பத்திரிகை ஒன்றும் தோன்றியது. அதைத் தொடங்கியவர் ஓர் உயர்தரப் பள்ளி உபாத்தியாயர். அந்தப் போட்டியில் பரிசு பெற்ற சிறுவர்களில் பின்னால் ஆகாய விமான சாஸ்திரத்தில் பெயர் பெற்ற வான் கார்மானும், பௌதிக அறிஞர் எட்வர்ட் டெல்லரும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த செய்தி வேறு. போல்யாவும் மாணவராயிருந்தபோது அந்தப் போட்டிக்குப் போனார். விடைத்தாளைக் கொடுக்காமலே திரும்பிவிட்டார் என்று அவருடைய சரிதம் கூறுகிறது. கணக்குத் தீர்க்கும் கலையை உலகுக்கே போதித்தவரின் போட்டி அனுபவம் இது! இதைச் சொன்னபோதுதான் பையன் முதல் தடவையாகச் சிரித்தான்.

சர்வதேச ஒலிம்பியாட் 1959-ல் ருமேனியாவில் ஏழு நாடுகளுடன் ஆரம்பமாயிற்று. நம் தேசம் 1989-லிருந்து கலந்துகொள்கிறது. 1996-ல் மும்பையிலேயே அது நடைபெற்றது. 2024-ல் இங்கிலாந்தில் உள்ள பாத் நகரில் நம் மாணவர் நாலு தங்கப் பதக்கங்கள் பெற்று, நாடுகளின் வரிசையில் நான்காம் இடத்தை அடைந்தார்கள். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பரீட்சையின் அமைப்பைக் கவனியுங்கள். இரண்டு நாளில் ஆறே கணக்குகள். நாளொன்றுக்கு நாலரை மணி நேரம். அதாவது, ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி! பதக்கம் பெறாத மாணவன் ஒரே ஒரு கணக்கைக் குறையின்றிச் செய்து அதற்குரிய ஏழு மார்க்கையும் பெற்றுவிட்டால், அவனுக்கும் கௌரவப் பாராட்டு உண்டு. அங்கே மதிப்புப் பெறுவது வேகமன்று. ஒரு கணக்கோடு விடாமல் மல்லாடும் பொறுமை.

அந்தப் பொறுமையை விலைக்கு வாங்க முடியாது. வீட்டில்தான் வளர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கடினமான கணக்கு போதும். அதைப் பையனோ பெண்ணோ மூன்று நாள் சுமந்து திரியட்டும். பெற்றோர் விடையைச் சொல்ல வேண்டாம். தெரியாவிட்டால் "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். உருப்போட்ட ஆயிரம் கணக்குகள் ஆயிரத்தோராவது கணக்கின் முன்னால் துணைக்கு வருவது அரிது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் முழுமனத்துடன் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "அடுத்த வருஷமும் நாலுதான் போட்டான் என்றால்?" என்றார். "போடட்டும், நாலும் சரியாயிருக்கும்" என்றேன்.

புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பையன்தான். "மாமா, ஒரே நிறத்துக்குப் பதிலாக, ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் எடுத்துவிட்டால்? எங்கே எடுத்தாலும் மூட முடியுமா?" என்று மூச்சுவாங்கக் கேட்டான். அவனுக்கு அந்தக் கேள்வியை யாரும் கொடுக்கவில்லை, அவனாகக் கேட்டுக்கொண்டது. பத்தரை மணி வரையில் இருவரும் உட்கார்ந்தோம். 64 கட்டங்களையும் ஒருமுறை தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வளைந்த பாதை ஒன்றை அவன்தான் வரைந்தான். அதில் நிறங்கள் மாறி மாறி வரும். ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் எடுத்தால், மிஞ்சும் பாதைத் துண்டுகளில் கட்டங்கள் இரட்டைப்படையாகவே அமையும். ஆகவே, எப்போதும் மூடலாம்.

நடுவில் அவனைத் தேடிக்கொண்டு வந்த நண்பர், திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் மெதுவாக, "அந்தப் பாதையை இன்னொரு தடவை காட்டு, தம்பி" என்றார்.