பாலையாவை வெட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் காலை நடை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி. நம் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னாலே உதட்டோரம் சிரிப்பு வந்துவிடும்.

எனக்கும் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. திறந்ததும் நின்றுவிட்டது. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரை முழுக்க அடைக்க வேண்டுமாம். அதற்காக யாரோ ஒரு புண்ணியவான் படத்தின் இரண்டு பக்கத்தையும் நறுக்கியிருந்தார். நடுவில் நாகேஷ் இருந்தார். ஓரத்தில் பாலையாவின் முழங்கால் கொஞ்சம் தெரிந்தது. அவ்வப்போது ஒரு கை வந்து போனது. முகம் இல்லை.

அதன் கீழே நண்பர்கள் வரிசையாகச் சிரித்த முகங்களைப் போட்டிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "பாலையா மாதிரி இனிமே யார் சார் வரப்போறா!"

பாலையாவே இல்லாத வீடியோவுக்குக் கீழே!

அன்று முழுவதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. மறுநாள் நடக்கும்போது அதே நண்பரிடம் சொன்னேன். அவர் சாந்தமாகக் கேட்டார்: "இதுக்கு ஏன் சார் இவ்வளவு கோபம்? அந்த சீன்ல எல்லாம் நாகேஷ்தானே பண்றார்? நடக்கறார், குனியறார், பின்னணிச் சத்தமும் அவரே குடுக்கறார். பாலையா சும்மா உக்காந்துதானே இருக்கார்?"

அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டும் அல்ல. கைபேசிக்காரன் இன்று கத்தரியால் செய்ததை நாம் அறுபது வருஷமாக மனசுக்குள் செய்து வந்திருக்கிறோம். "நாகேஷ் கதை சொல்ற சீன்" என்றுதானே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்? "பாலையா கதை கேக்கற சீன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

படம் வந்தது 1964-இல். ஸ்ரீதர் இயக்கம், சித்ராலயா கோபு அவரோடு சேர்ந்து எழுதியது, வின்சென்ட் ஒளிப்பதிவு, ஈஸ்ட்மென் கலர். ரவிச்சந்திரனுக்கு முதல் படம். எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு அது வந்து சேர நாளாயிற்று. மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சியில் கொட்டகை முழுக்கச் சிரித்தது. எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

பிறகு டிவியில் பலமுறை பார்த்த பிறகுதான் புரிந்தது. அதுவும் நானாகப் புரிந்துகொள்ளவில்லை. என் மனைவி சொன்னாள்: "கதை சொல்றவரைப் பாக்காதீங்க. கேக்கறவரைப் பாருங்க." அவள் எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். நான் நாகேஷின் சேஷ்டைக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் வேறு இடத்தில், வேறு நொடியில் சிரிப்பாள். அவள் சொன்னபடி ஒரு தடவை பார்த்தேன். அன்றுதான் அந்தக் காட்சியை முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நாகேஷ் அதில் சொல்வது கதையே அல்ல. படம் எடுக்கிறேன் என்று அலையும் செல்லப்பாவிடம் கதை எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் சத்தமும் சைகையும்தான். அதைக் கதையாக்குவது யார்? எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷன். முதலில், 'இந்தப் பயல் என்னத்தைச் சொல்லிவிடப் போகிறான்' என்ற அலட்சியம். அப்புறம் காது மட்டும் கொஞ்சம் கொடுக்கிறார். பிறகு கண்ணும் போகிறது. அப்புறம் ஆளே போய்விடுகிறார். எஸ்டேட் முதலாளி, வீட்டில் அதட்டுகிற அப்பா, ராத்திரியில் பேய்க்கதை கேட்ட சிறுவனாக ஆகிவிடுகிறார். இந்த இறக்கம் படிப்படியாக நடக்கிறது. எந்தப் படியில் கால் வைத்தார் என்று நமக்குத் தெரிவதில்லை. அவர் பயந்த பிறகுதான் நமக்கு 'அடடா, பயந்துவிட்டாரே' என்று தெரிகிறது.

நண்பரே, ஒரு சோதனை செய்து பாருங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியில் பாலையாவை மட்டும் பாருங்கள். கதை எங்கே போகிறது என்று அந்த முகத்திலிருந்தே சொல்லிவிடலாம். பிறகு அந்த வெட்டிய வீடியோவைப் பாருங்கள். ஒரு கெட்டிக்கார நடிகர் காற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். எனக்கு அது நாகேஷுக்கே செய்த அவமரியாதையாகப் பட்டது. அவர் அத்தனையும் செய்தது எதிரே இருந்த அந்த முகத்துக்காக. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அவர் செய்தது எதற்கு?

"சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்றார் நண்பர். அந்தச் சும்மா உட்காருவதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? பாலையா நாடகத்திலிருந்து வந்தவர். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'சதி லீலாவதி'யில் நடித்தார். எம்.ஜி.ஆருக்கு முதல் படமும் அதுதான். மறு வருஷம் 'அம்பிகாபதி'யில் பாகவதருக்கு எதிரே வில்லன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'யில் கொச்சைத் தமிழ் பேசும் சேட். 1956-இல் 'மதுரை வீரன்' படத்தில் மறுபடியும் வில்லன். நம் அப்பா, அம்மா எல்லாம் அவரைப் பார்த்துப் பயந்தவர்கள், திட்டித் தீர்த்தவர்கள்.

அப்படி இருபத்தெட்டு வருஷம் அடுத்தவரைப் பயமுறுத்தியவர் 1964-இல் நாற்காலியில் உட்கார்ந்து, சொந்தப் பிள்ளை சொல்லும் உப்புச் சப்பில்லாத கதைக்குப் பயப்படுகிறார். அதனால்தான் அந்தச் சிரிப்பு அவ்வளவு பெரிதாக வந்தது. சுபாவத்திலேயே கோழையாகத் தெரிகிற ஒருவரை அங்கே உட்கார வைத்திருந்தால் பாதிச் சிரிப்புகூட வந்திருக்காது. பெரிய மரம் சாய்ந்தால்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

இந்தப் படத்தை 1966-இல் ஹிந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார்கள். அதையும் ஸ்ரீதரே இயக்கினார். நாகேஷ் வேஷத்துக்கு மெஹ்மூத். ஹிந்தியில் அன்று அவரைவிடப் பெரிய நகைச்சுவை நடிகர் யார்? அவர் ஒருவரே போதும், எதிரே யாரையாவது உட்கார வைத்துவிடலாம் என்று நினைக்கவில்லை. ஓம் பிரகாஷைக் கொண்டுவந்தார்கள். அவர் லேசுப்பட்ட நடிகரா? நாற்காலியில் இருப்பவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று படம் எடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. படம் பார்த்த நமக்குத்தான் தெரியவில்லை.

இன்னொரு இடம். முன்பு வேலையிலிருந்து துரத்திய பையன் கோடீஸ்வரன் மகன் என்று நம்பியதும் பாலையாவின் நாக்கு மாறுமே, நினைவிருக்கிறதா? அசோக் 'அசோகர்' ஆகிவிடுவார். மகன் 'மகர்' ஆகிவிடுவார். ஒரே ஒரு 'ர்'. பணத்தைக் கண்டால் மனுஷன் எப்படி வளைகிறான் என்று பக்கம் பக்கமாக வசனம் பேசிய படங்கள் உண்டு. இங்கே அந்த ஒரு எழுத்திலும், அதோடு சேர்ந்து வரும் குழைவிலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. இன்றும் யாராவது பணக்காரச் சம்பந்தியிடம் குழைவதைக் கண்டால் எங்கள் வீட்டில் "அசோகர் வந்துட்டார்" என்போம். ஆனால் இந்த 'ர்' இனிக்க வேண்டுமென்றால், அதே பையனை அவர் முன்பு எப்படி விரட்டினார் என்பதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷத் துண்டில் அது எப்படிக் கிடைக்கும்?

நாகேஷ் ரசிகர்களோடு மட்டும் எனக்குச் சண்டை என்று நினைக்க வேண்டாம். பாலையா ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அந்த சீன்ல நாகேஷைத் தூக்கிச் சாப்பிட்டுட்டார் சார்" என்பார்கள். இவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். அது என்ன மல்யுத்தமா, ஒருவர் ஜெயித்து ஒருவர் மண்ணைக் கவ்வ? பாலையா அங்கே நாகேஷைச் சாப்பிட நினைத்திருந்தால் காட்சியே செத்திருக்கும். அவ்வளவு அனுபவசாலி, தன்னைவிட வயதில் மிகவும் இளையவரிடம் இடம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டுக் காது கொடுக்கிறார். அந்த விட்டுக்கொடுத்தல்தான் அவருடைய வித்தை. அதைப் போட்டி என்று சொல்லிப் பாராட்டுவது, அவரை இன்னொரு விதத்தில் வெட்டுவது.

கச்சேரியில் நமக்கு இது தெரிகிறது. மிருதங்கத்தைப் பக்கவாத்தியம் என்கிறோம். பக்கத்தில் இருப்பது. பாட்டு நன்றாக அமைந்த கச்சேரியில் அவர் எங்கே வாசித்தார் என்பதைவிட எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதைக் கவனிக்கிற ரசிகர்கள் உண்டு. தனி ஆவர்த்தனம் என்று அவருக்கு ஒரு நேரமும் ஒதுக்குகிறோம். பாலையாவுக்கும் தனி கிடைத்தது. 1965-இல் 'திருவிளையாட'லில் ஹேமநாத பாகவதராக வந்து, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து, வித்வானின் கர்வம் எப்படி இருக்கும் என்று காட்டினாரே, அது தனிதான். ஆனால் 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரத்தின் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்த முத்துராக்கு பக்கவாத்தியம். இரண்டையும் ரசிக்கத் தெரிந்தவன்தான் பாலையா ரசிகன். தனியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் கச்சேரி கேட்டவன் அல்ல.

சினிமாவில் மட்டும் 'துணை' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். விளம்பரத்தில் பெயர் கீழே, பேச்சில் பெயர் கடைசியில், இப்போது கைபேசியில் படமே இல்லை.

பாலையா 1972-இல் போய்விட்டார். நாகேஷ் 2009-இல் போனார். கொட்டகை மணலில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்த நாமும் ஒவ்வொருவராகப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம். நம் பேரப்பிள்ளைகளுக்கு இந்த மனிதரை யார் காட்டுவது? நாம் அனுப்பும் துண்டில் முழங்கால்தான் இருக்கிறது என்றால், அவர்களுக்குப் பாலையா என்றால் ஒரு முழங்கால்தான்.

என் மனைவி இப்போது இல்லை. நாற்பது வருஷம் நான் சொன்ன கதைகளையெல்லாம், ஆபீஸ் கதை, ஊர்க் கதை, சொன்னதையே திரும்பச் சொன்ன கதை, எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டவள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று நானும் நினைத்திருக்கிறேன். அவள் போன பிறகு எனக்குச் சொல்லக் கதையே இல்லாமல் போனது. கேட்கிறவரைப் பாருங்கள் என்று அவள் சொன்னது பாலையாவைப் பற்றித்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

ஆகவே நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள். பேரனோ பேத்தியோ லீவுக்கு வரும்போது முழுப் படத்தையும் டிவியில் போடுங்கள். கதை சொல்லும் காட்சி வரும்போது ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "உக்காந்திருக்காரே, அவரைப் பாரு." அப்புறம் பேசாமல் இருங்கள். மீதியைப் பாலையா பார்த்துக்கொள்வார்.