அழித்த இரண்டு மரங்கள்

இரவு வேலை முடித்தால் ஞாயிறு முழுக்க நித்திரை கொள்வதுதான் எமது வழக்கம். சில கிழமைக்கு முதல் பிள்ளைகள் விடவில்லை. லண்டன் நஷனல் கலரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே போகக் காசில்லை என்றபடியால் நாமும் மறுக்கவில்லை.

அங்கே ஒரு படத்தின் முன்னால், "பனையெல்லே!" என்று எம்மை அறியாமலே சொல்லிவிட்டோம். நெட்டையாய் வளர்ந்த மொட்டை மரங்கள். உச்சியில் மாத்திரம் ஒரு கொத்து இலை. பனையல்ல. கீழ்க்கொப்புகளைக் கழித்து வளர்த்த ஒல்லாந்து மரங்கள். மெய்ண்டெர்ட் ஹொபெமா 1689இல் வரைந்த 'மிடெல்ஹார்னிஸ் சாலை' அது.

நடுவில் வண்டிச் சுவடு பதிந்த நேர் றோட்டு. இரு கரை மரங்களும் வரவரச் சிறுத்துத் தூரத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேர்கின்றன. எல்லாக் கோடும் எம்மை அங்கே இழுக்கிறது. ஆனால் அந்த றோட்டால் ஒருவர் துவக்கோடும் நாயோடும் எம்மை நோக்கி வருகிறார். துவக்கைக் கண்டதும் எமக்குத் திக்கென்றது. பாவம், அவர் வேட்டைக்காரர். வலப்பக்கம் ஒருவர் தோட்டத்தில் கன்றுகளைப் பராமரிக்கிறார். இத்தனை பேர் இருந்தும் படம் தனிமையாகத்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் வானம் அல்லவா!

பிறகு லைபிரரியில் ஒரு புத்தகம் எடுத்துப் பார்த்தோம். எக்ஸ்றே பிடித்தபோது, றோட்டின் முன்பக்கம் கரைக்கு ஒன்றாக இன்னும் இரண்டு மரம் வரைந்து, பிறகு அவரே அவற்றை வர்ணத்தால் மூடியிருந்தது தெரிந்ததாம். அவை நின்றிருந்தால் படலைக் கதியால் மாதிரி எம்மை வெளியிலேயே நிறுத்தியிருக்கும். இப்போது றோட்டு எமது காலடியில் தொடங்குகிறது. பாடுபட்டு வரைந்ததை அழிக்க யாருக்கு மனம் வரும்?

ஹொபெமா 1668இல் கலியாணம் கட்டி, அதே ஆண்டு அம்ஸ்ரர்டாமில் வைன் பீப்பா அளக்கும் வரி உத்தியோகத்துக்குப் போனவர். பிறகு வரைந்தது குறைவு. இந்தப் படம் அந்தக் குறைவுக்குள், ஐம்பது வயது தாண்டி வரைந்தது.

எம்மோடு பெட்டி அடுக்கும் தம்பி ஒருவர் ஊரில் நன்றாகப் படம் கீறினவர். இங்கு வந்து பிறஷ் தொடவில்லை. கேட்டால், "நேரம் எங்கை அண்ணை?" என்பார். அவருக்கு இந்தப் படத்தின் தபாலட்டை ஒன்றைக் கொடுத்தோம். பீப்பாக் கதையையும் சொன்னோம். அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரம் எல்லாம் நேரில்லை அண்ணை. ஒண்டிரண்டு வளைஞ்சு நிக்குது. கவனிச்சனீங்களோ?"

நாம் கவனிக்கவில்லை.