பூ வாசம் போதுமா?

சென்ட் பிடிக்காதவங்க யாரு? எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பூ வாசக் கதை என்னை யோசிக்க வைத்தது.

இத்தாலியில் சான் ஜிமிஞானோ என்ற ஊர். அங்கே ஃபினா என்ற ஏழைப் பெண் 10 வயதில் நோயில் விழுந்தாள். மெத்தை வேண்டாம் என்று 5 வருஷம் மரப்பலகையிலேயே கிடந்தாள். 1253 மார்ச் 12-ல் இறந்தாள். வயது 15. என்னைவிட ஒரு வயசுதான் மூப்பு! அவளைத் தூக்கியபோது பலகையெல்லாம் பூ பூத்து, அறையே மணத்ததாம். இன்றும் மார்ச்சில் அந்த ஊர்க் கோபுரச் சுவர்களில் பூக்கும் மஞ்சள் பூவைப் புனித ஃபினாவின் பூ என்கிறார்கள்.

கதை அழகுதான். ஆனா அந்த வாசம் அவ மூக்குக்கு எட்டியிருக்குமா?

எனக்குப் பிடித்தது வேறு. அவள் கல்லறையில் விழுந்த காணிக்கையில் ஊரார் ஆஸ்பத்திரி கட்டினார்கள். அதுதான் நிஜ வாசனை.

நம்ம வகுப்பிலும் ஒருத்தி இரண்டு மாசமாகப் படுத்திருக்கிறாள். அவள் இடத்தில் நாம் பை வைக்கிறோம். பார்க்கப் போனோமா? சென்ட் வாங்குற காசில் நோட்டு வாங்கிப் பாடம் எழுதிக் கொடுக்கலாம். சனிக்கிழமை நான் போறேன். யார் யார் வர்றீங்க?

– 9-ஆம் வகுப்பு மாணவி