பாலைவன மடல்: கடுகு சிறுத்தாலும்…

எம்மவர் வீடுகளில் துப்பாக்கி என்பது சாதாரணமாக உச்சரிக்கப்படும் சொல்லன்று. அதன் ஓசையைக் கேட்டே ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் நாம். அவ்வாறிருக்க, மனைவிக்குப் பொருத்தமான கைத்துப்பாக்கியைத் தெரிவது எவ்வாறு என இவ்வார மடலில் எழுதப் புகுந்தமைக்காக வாசகர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இறுதிவரை பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

டுபாயின் ஓரத்தில், சார்ஜா எல்லையை ஒட்டி அமைந்திருப்பது அல் குசைஸ். எமது கட்டடத்தின் மேல்மாடியில் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று வசிக்கின்றது. கணவர் கணக்காளர், மனைவி தாதி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அச்சகோதரி எட்டு வயதுச் சிறுமி. பின்னர் மண்டபம் முகாமில் வளர்ந்து, படித்து, தொழில் பெற்று இங்கு வந்து சேர்ந்தவர்.

இந்நாட்டில் குறிபார்த்துச் சுடுதல் மதிப்புமிக்க விளையாட்டு. அரபு எமிரேட்சுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதலாவது பதக்கமே இவ்விளையாட்டில்தான் கிடைத்தது. 2004 ஆம் ஆண்டு ஏதென்சில் ஷேக் அகமது அல் மக்தூம் தங்கம் வென்றார். சார்ஜாவிலும் அபுதாபியிலும் இதற்கெனக் கழகங்கள் அமைந்துள்ளன. அலுவலக நண்பர்களுடன் அத்தகைய கழகமொன்றுக்குச் சென்று பழகிய கணவரிடம், ஒரு நாள் மனைவியும் “நானும் வாறன்” என்று கூறியிருக்கிறார். கணவருக்குப் பெருமகிழ்ச்சி. “உமக்குச் சின்னக் கை, சின்னத் துவக்குத்தான் சரி” என்று தாமே தீர்மானித்து, அங்கிருந்தவற்றுள் மிகச் சிறிய 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியை வாடகைக்குப் பெற்று அவர் கையிற் கொடுத்தார்.

முதலாவது வெடியில் கை மேலே துள்ளியது. இரண்டாவதற்குக் கண்கள் தாமே மூடிக்கொண்டன. மூன்றாவதுடன் ஆயுதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்த அம்மையார், வீடு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. “பழைய பயம் இன்னும் போகேல்லை, அண்ணை. கூட்டிக்கொண்டு போனது என்ரை பிழை” என்று கணவர் என்னிடம் வருந்தினார். நானும் அவ்வாறே எண்ணினேன். தேநீர் கொண்டுவந்த சகோதரி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “பயம் இல்லை. கை நொந்தது.”

அவர் கூறியது முற்றிலும் உண்மை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் முதுமொழி கைத்துப்பாக்கிக்கு அப்படியே பொருந்தும். 9 மில்லிமீற்றர் ரவையின் குண்டு ஏறத்தாழ ஏழரைக் கிராம் எடையுடையது. பெரிய துப்பாக்கியிலிருந்து புறப்பட்டாலும் சிறியதிலிருந்து புறப்பட்டாலும் அதன் உதைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அவ்வுதைப்பை வாங்கும் ஆயுதம் இலேசானதாயின், எஞ்சிய சுமை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகின்றது. சட்டைப்பைக்குள் அடங்கும் வகைகள் அரைக் கிலோ அளவே நிறையுள்ளவை. அவற்றின் பிடி குட்டையானது, சுண்டுவிரலுக்கு இடமிராது. குழல் குறுகியதாதலால் முன், பின் குறிகாட்டிகள் நெருங்கி நிற்க, சிறு பிசகும் இலக்கிற் பெரும் பிசகாகின்றது. ரவையை ஏற்றுவதற்காகப் பின்னிழுக்கும் மேற்பாகம் சிறிதாக இருப்பதால், அதனைத் தாங்கும் சுருள்வில்லை இறுக்கமாக அமைத்திருப்பர். இத்தகைய ஆயுதங்கள் மறைத்துக் கொண்டுசெல்வதற்கென ஆக்கப்பட்டவை. திடலில் நின்று சுடப் பழகும் ஒருவர் எதையும் மறைக்க வேண்டியதில்லையே!

உலக வீராங்கனைகளின் கைகளைப் பாருங்கள். 2024 இல் பாரிசில் இந்தியாவின் மனு பாக்கர் காற்றுக் கைத்துப்பாக்கியில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். அவ்வகைக்கு விதிமுறை அனுமதிக்கும் உச்ச எடை ஒன்றரைக் கிலோ. பெண்களுக்கான 25 மீற்றர் போட்டியில் .22 ரவை பயன்படுகின்றது. ஆயுதம் 1,400 கிராம் வரை இருக்கலாம். அந்த ரவையின் குண்டு இரண்டரைக் கிராமைச் சற்றே தாண்டும். குண்டு இலேசு, ஆயுதம் கனம். பழகுவோருக்கு உகந்த சேர்க்கை அதுவே.

மறுமுறை நானும் உடன் சென்றேன். பயிற்றுநர் பொறுமைசாலி. மூன்று கைத்துப்பாக்கிகளைக் காலி செய்து காட்டி, மேசையில் வரிசையாக வைத்து, கணவரை இரண்டடி பின்னே நிற்கச் சொன்னார். பின்னர் சகோதரியிடம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். மணிக்கட்டும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க, சுட்டுவிரலின் முதற்கணு சிரமமின்றி விசையைத் தொடுகிறதா? மூன்று விரல்களும் பிடியில் அமர்கின்றனவா? மேற்பாகத்தை இடக்கையால் இழுப்பதோடு வலக்கையாற் பிடியை முன்னே தள்ளவும் செய்தால் இலகுவாக வருகிறதா? எந்தக் கண் முதன்மைக் கண்? இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்துத் தொலைவிலுள்ள பொருளைப் பார்த்து, கண்களை மாறி மாறி மூடினால் அது புலப்பட்டுவிடும்.

இடையில், “இது கொஞ்சம் பெரிசெல்லோ?” என்று கணவர் வாய் திறந்தார். “இஞ்சாருங்கோ, சுடப்போறது நானோ, நீங்களோ?” என்றார் மனைவி. அதன்பின் அவர் பேசவில்லை.

சகோதரி தெரிந்தெடுத்தது அம்மூன்றினுள் மிக நீளமானதும் கனமானதுமான .22 கைத்துப்பாக்கி. பத்து ரவைகளில் ஏழு, தாளின் கறுப்பு வட்டத்துள் விழுந்தன.

திரும்பி வரும்போது, “உண்மையாகவே பயமில்லையா, பிள்ளை?” என்று கேட்டேன். சற்று நேரம் வெளியே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “பயம் இல்லையெண்டு சொல்லமாட்டன், அண்ணை. அப்ப சத்தம் வரேக்கை, ஆர் சுடுறது, ஏன் சுடுறது எண்டு ஒண்டும் தெரியாது. இஞ்சை அது எப்ப வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் விரலை எடுத்தால் வெடிக்காது.”

அவர் பேசாதிருந்த அன்று, அவர் மௌனத்துக்கு நாங்களே பொருள் எழுதிக்கொண்டோம். எம்மவர் எதைக் கண்டு தயங்கினாலும் போரின் காயம் என்று கூறிவிடுவது எமக்கு வழக்கமாகிவிட்டது. சில வேளைகளில் அது உண்மை. அப்போது தயங்குபவரை வற்புறுத்தலாகாது. சில வேளைகளிலோ கொடுக்கப்பட்ட பொருளே பொருந்தாதது. எது என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும்.

இவ்விளையாட்டை நாடும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கருதுக. சுடக் கருதாத எதன் மீதும் குழலைத் திருப்பற்க. குறி அமையும்வரை விரல் விசையின் வெளியே நிற்க. இலக்கின் பின்னால் என்ன உள்ளதென அறிந்தே சுடுக. வெடியோசை 140 டெசிபலைத் தாண்டுவதால், மூடிய கூடத்தில் காதடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும் அணிதல் நன்று. புகையிலும் தூசியிலும் ஈயம் உண்டு. ஆதலால் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இக்கூடங்களைத் தவிர்ப்பதே நலம். ஏனையோர் வீடு திரும்பியதும் கை முகம் கழுவி, உடை மாற்றிய பின்னரே குழந்தைகளைத் தூக்குக.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அரபு எமிரேட்சில் உரிமமின்றி ஆயுதமோ ரவையோ வைத்திருப்பது 2019 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். கழகத்தில் எடுத்ததைக் கழகத்திலேயே ஒப்படைக்க வேண்டும். நினைவுக்கென வெற்றுக் கோதொன்றைப் பையிலிட்டு விமான நிலையம் செல்வதும் வீண் விசாரணைக்கு வழிவகுக்கும். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டுள்ளன. அதற்கு முன்னரே, 105 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான குழலுடையவை தடைப்பட்ட வகையிற் சேர்க்கப்பட்டிருந்தன. பிரித்தானியாவில் டன்பிளேன் பாடசாலைத் துயரத்தின் பின், 1997 இல் கொணரப்பட்ட சட்டங்கள் கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்தன. எனவே எந்நாட்டில் இருப்பினும், முதலில் சட்டத்தை அறிந்து, பின்னர் கழகத்தின் வாயிலை மிதிக்கவும்.

மேல்மாடிச் சகோதரி இப்போது மாதமொருமுறை செல்கின்றார். மனம் கொள்ளாத நாளில் வெளியே அமர்ந்து தேநீர் அருந்துவார். எவரும் காரணம் கேட்பதில்லை. சென்ற வாரம் மகளுக்குச் சப்பாத்து வாங்கச் சென்ற நண்பர், அளவைத் தாமே எழுதிக் கொண்டுபோகாமல், மகளையும் அழைத்துச் சென்று கடையில் இருத்தி, “எது கடிக்கேல்லை எண்டு நீயே சொல்லு, பிள்ளை” என்றாராம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.