பயத்தை விதைத்தது சிட்டியா?

ஏஐ பற்றி யாராவது கவலைப்பட்டால் பதில் ஒன்று தயாராக இருக்கிறது: "நீங்க ரோபோ படம் நிறைய பார்க்கிறீங்க." தொழில்நுட்ப மாநாட்டிலும் இதைக் கேட்கலாம், டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம். மெட்டா நிறுவனத்தின் ஏஐ ஆய்வுக்குத் தலைமை தாங்கிய யான் லெகூன் முதல் பல விஞ்ஞானிகள் 'டெர்மினேட்டர்' பாணிக் கற்பனைகளைப் பலமுறை சாடியிருக்கிறார்கள். பயத்தை விதைத்தது கதை, கதையை ஒதுக்கினால் பயமும் போய்விடும் என்பது வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ரோபோ கதை என்றாலே மிரட்டும் கதை என்று யார் சொன்னது? ஐசக் அசிமோவின் முதல் ரோபோ கதை 1940-ல் வெளிவந்தது. அதில் வரும் ராபி, ஒரு சிறுமிக்குத் துணையாக இருந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் எந்திரம். படைத்தவனையே அழிக்கும் எந்திரம் என்ற பழைய பாட்டு சலித்துப்போய்த்தான் அசிமோவ் இந்தப் பக்கம் வந்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று தொடங்கும் மூன்று விதிகளை 1942-ல் முழுதாக எழுதினார். அவருடைய கதைகளில் மனதைப் பறிகொடுத்த பொறியாளர் ஜோசப் எங்கல்பெர்கரின் முயற்சியால்தான் 1961-ல் நியூ ஜெர்சியில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் யூனிமேட் என்ற எந்திரக் கை வேலைக்குச் சேர்ந்தது. ஆக, அந்தக் கதைகள் ஒரு தொழிலையே தொடங்கிவைத்திருக்கின்றன.

தமிழில் கேட்கவே வேண்டாம். ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது வாசகர்கள் ஜீனோவைக் கண்டு நடுங்கவில்லை, கொஞ்சினார்கள். புத்தகம் படிக்கிற, கிண்டலடிக்கிற எந்திர நாய் அது. கதையில் பயமுறுத்துவது சர்வாதிகார ஆட்சி. கதாநாயகி நிலாவுக்குப் பக்கபலமாக நிற்பது நாய்.

கதைதான் மனதை மாற்றுகிறது என்ற வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒசாமு தெசுகா 1952-ல் தொடங்கிய சித்திரக்கதையின் எந்திரச் சிறுவன் 'ஆட்டம்' காரணமாக ஜப்பானியர் ரோபோக்களை நேசிக்கிறார்கள், ஹாலிவுட்டால் அமெரிக்கர் வெறுக்கிறார்கள் என்பார்கள். கிறிஸ்டோஃப் பார்ட்னெக்கும் ஜப்பானிய ஆய்வாளர்களும் பல நாட்டவரின் மனப்பான்மையை ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. ரோபோக்கள் மீது மிகக் குறைந்த எதிர்ப்பு காட்டியவர்கள் அமெரிக்கர்கள். ஜப்பானியரிடம் எதிர்பார்த்த அளவு நேசம் தென்படவில்லை. 'டெர்மினேட்டர்' எடுத்த ஊர்க்காரர்களையே அந்தப் படத்தால் மிரட்ட முடியவில்லை போலிருக்கிறது.

அடுத்து, பயம் கதையிலிருந்து வாழ்க்கைக்கு வந்தது என்ற கூற்று. வழி பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் இருந்திருக்கிறது. 1921-ல் பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 'ஆர்.யு.ஆர்.' அரங்கேறியது. அந்த நாடகத்தின் ரோபோக்கள் ஆலையில் மலிவான உழைப்புக்காகத் தயாரிக்கப்பட்டவை. இரும்புகூட இல்லை, சதைபோன்ற ஒன்றால் ஆனவை. தொழிற்சாலை மனிதனை என்ன செய்கிறது என்ற கவலை ஐரோப்பாவில் முன்பே இருந்தது. சாபெக் அதற்கு உருவம் கொடுத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு சான்று நார்பர்ட் வீனர். கணித மேதை, சைபர்னெடிக்ஸ் துறையின் தந்தை. 1960-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய எச்சரிக்கைக்குத் தூண்டுதலாக இருந்தவற்றுள் ஒன்று, ஐபிஎம்மில் ஆர்தர் சாமுவேல் எழுதிய செக்கர்ஸ் நிரல். ஆடி ஆடிக் கற்றுக்கொண்டு, தன்னை எழுதியவரையே தோற்கடித்த நிரல் அது. எந்திரத்துக்குக் கொடுக்கும் இலக்கு, உண்மையிலேயே நாம் விரும்பும் இலக்குதானா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்றார் வீனர். 'டெர்மினேட்டர்' திரைக்கு வர அப்போது இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.

வீனரின் கவலையைத் தமிழ் ரசிகர்கள் திரையில் பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வந்த 'எந்திரன்' என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கடைசி அரைமணி நேரம்: பந்தாகவும் பாம்பாகவும் உருமாறிச் சுடும் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள். ஆனால் முதல் பாதியில் ஒரு தீவிபத்துக் காட்சி இருக்கிறது. எரியும் கட்டடத்திலிருந்து ஆட்களை ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது சிட்டி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே, ஆடையில்லாமல், டிவி கேமராக்களுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடும் அந்தப் பெண் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். சிட்டிக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. காப்பாற்றச் சொன்னார்கள், காப்பாற்றியது. ஏஐ பற்றித் தமிழ் சினிமா சொன்ன ஆகக் கூர்மையான விஷயம் இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. பின்னால் சிவப்புச் சிப் வைத்து வில்லனாக்கப்பட்ட சிட்டியிடம் இல்லை. கதைகளை ஒதுக்கச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் ஒதுக்கச் சொல்கிறார்கள்.

சரி, இன்றைக்கு மக்கள் எதற்குத்தான் பயப்படுகிறார்கள்? கொலைகார ரோபோவுக்கா? 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோபோ வில்லன்களை எழுதிச் சம்பாதித்த ஊர் அது. ஏஐ விஷயத்தில் அவர்கள் கேட்டது சம்பளமும் பெயரும் சார்ந்தது: எந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிடக் கூடாது, ஏஐயைப் பயன்படுத்தச் சொல்லி ஸ்டுடியோ கட்டாயப்படுத்தக் கூடாது. ஒப்பந்தத்தில் இரண்டும் இடம்பெற்றன. இதை சினிமா பார்த்து வந்த பீதி என்று எப்படிச் சொல்வது?

கதைகளிடம் ஒரு குறை உண்டு, ஆனால் அது வேறு. அவை எந்திரத்துக்குப் பெரும்பாலும் கண், கை, குரல் வைத்துக் காட்டின. அதனால் உடம்பில்லாத எந்திரம் எதிரே வந்தால் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-ல் வெளியிட்ட 'எலைசா', தட்டச்சு செய்ததைத் திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல். அது உருவாவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேச உட்கார்ந்ததும், கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டுவிட்டார். வைசன்பாம் ஆடிப்போனார். அவரைக் கலங்கடித்தது மனிதர்கள் இவ்வளவு சுலபமாக நம்பிவிடுவதுதான்.

அந்த நம்பிக்கையின் விலையை 2020 ஜனவரியில் டெட்ராய்ட் பகுதியில் ஒருவர் கொடுத்தார். அதற்கு முன்பு ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயிருந்தன. கேமராவில் மங்கலான ஒரு முகம். முக அடையாள மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தைப் பொருத்திக் காட்டியது. மனைவி, மகள்கள் கண்ணெதிரே வீட்டு வாசலில் கைவிலங்கு மாட்டி, சுமார் 30 மணி நேரம் அடைத்துவைத்தார்கள். ஆள் அவர் இல்லை. மென்பொருளைக் கண்டு போலீஸ்காரர்கள் கொஞ்சம் பயந்திருந்தால் அவர் அன்று வீட்டில் சாப்பிட்டிருப்பார். அவர் தொடுத்த வழக்கு 2024 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தின்படி, மென்பொருள் காட்டிய பொருத்தத்தை மட்டும் வைத்து டெட்ராய்ட் போலீஸ் இனி யாரையும் கைது செய்ய முடியாது.