அரிசி இலவசம், பருப்பு?

உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேருக்கு 2024-ஆம் ஆண்டில் சத்தான உணவு எட்டாத விலையில் இருந்தது என்கிறது, ஐ.நா. அமைப்புகள் ஐந்து சேர்ந்து 2025-இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு அறிக்கை. 2019-இல் இந்த எண்ணிக்கை 276 கோடி. குறைந்திருக்கிறதே என்று மகிழ்வதற்கில்லை. அதே ஐந்தாண்டுகளில் ஆப்பிரிக்காவில் இது சுமார் 86 கோடியிலிருந்து 100 கோடிக்கு மேல் ஏறிவிட்டது.

சத்தான உணவு என்றதும் பாதாமும் ஆப்பிளும் நினைவுக்கு வரலாம். இந்தக் கணக்கில் அப்படிப்பட்ட ஆடம்பரம் ஏதுமில்லை. தானியம், காய்கறி, பழம், பருப்பு, எண்ணெய், பால் அல்லது முட்டை அல்லது மீன் என ஒவ்வொரு வகையிலும் அந்தந்த நாட்டுச் சந்தையில் எது மலிவோ அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். சமையல் எரிவாயுச் செலவு இதில் சேராது. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் உழைப்பும் சேராது (அதை எந்தக் கணக்கில்தான் சேர்த்தோம்?). இவ்வளவு சிக்கனமாகப் போட்ட பட்டியலே, தானியத்தால் வயிற்றை மட்டும் நிரப்ப ஆகும் செலவைப்போல் ஐந்து மடங்கு என்று இதே அமைப்புகளின் 2020 அறிக்கை கணக்கிட்டது.

இந்த இடைவெளியில் பெரும்பங்கு அரசுகள் உண்டாக்கியது. உலக அரசுகள் வேளாண்மைக்கு ஆண்டுதோறும் தரும் ஆதரவு சுமார் 54,000 கோடி டாலர். அதில் 87 விழுக்காடு விலைகளைத் திரித்து, சுற்றுச்சூழலுக்கும் கேடு செய்கிறது என்று ஐ.நா. அமைப்புகளே 2021-இல் சொல்லிவிட்டன. நம் நாட்டிலும் இதே கதைதான். மத்திய அரசு 22 விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ஆனால், பெருமளவில் நிச்சயமாகக் கொள்முதல் ஆவது நெல்லும் கோதுமையும்தான். துவரை விதைத்துவிட்டு வியாபாரி சொல்லும் விலைக்குக் காத்திருப்பதைவிட, தண்ணீர் இருக்கும் விவசாயி நெல்லுக்குப் போவது இயல்பு. விளைவு: பருப்புக்கு மியான்மரையும் மொசாம்பிக்கையும் எதிர்பார்க்கிறோம். கிடங்குகளிலோ அரிசி வழிகிறது. 2025-இல் அந்த அரிசியை எத்தனால் ஆலைகளுக்குக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு விற்றார்கள்!

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சுமார் 80 கோடிப் பேருக்கு இலவச தானியம் கிடைப்பது பெரிய காரியம். கொரோனா காலத்தில் அதன் அருமை தெரிந்தது. அதில் ஒரு பிடியைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால், அரிசி மட்டும் போட்டால் ரத்தம் ஊறாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. இத்தனைக்கும் இங்கே 2007 முதல் ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் தருகிறோம்; இப்போது பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சத்துணவில் முட்டை உண்டு. ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளைக்கு வரும்? அதுவும் சில மாதங்களில் தாமதமாகிறது.

காய்கறி, பழம் ஆகியவற்றின் நிலை இன்னும் மோசம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது தமிழ்நாடு அரசு. நல்ல நடவடிக்கை, ஆனால், விலை ஏறினால் மட்டுமே நினைவுக்கு வருகிற நடவடிக்கை. விலை சரியும்போது அதே தக்காளியைத் தெருவில் கொட்டுகிற விவசாயிக்கு யாரும் கடை திறப்பதில்லை. பிரேசில் 2009-இலேயே ஒரு வழி கண்டது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்கவே செலவிட வேண்டும் என்று சட்டமே போட்டது. நம் சத்துணவுக் கூடங்களுக்கும் காலை உணவுத் திட்டத்துக்கும் வேண்டிய காய்கறியை அந்தந்த வட்டார விவசாயிகளிடம் நிலையான விலைக்கு வாங்க என்ன தடை?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஆலைக்கு மலிவாகப் போகும் அரிசியில் முடங்கிய பணம் யாருடையது? பருப்பு கொடுத்தாலும் மக்கள் பாக்கெட் பண்டத்தைத்தானே வாங்குவார்கள் என்ற வாதமும் வரும். ஐந்து ரூபாய்க்குப் பசியாற்றுவது பிஸ்கட் பாக்கெட் மட்டுமே என்றிருக்கும்வரை வாங்கத்தான் செய்வார்கள்.

மத்திய அரசு முதலில் செய்ய வேண்டியது, பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் உறுதியான கொள்முதல் தந்து அவற்றை நாடு முழுவதும் ரேஷனில் சேர்ப்பது. இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். நியாயவிலைக் கடைகளில் தரும் பொருள்களைப் படிப்படியாகப் பலவகைப்படுத்த வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு 2013-ஆம் ஆண்டிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.